பழைய நெட்புக்குக்கு எவ்வளவு கொடுக்கலாம்? பிரித்துப் பார்த்து விலை வைத்த பதிவு

கடைக்காரர் கேட்ட விலை 8,500 ரூபாய். அதற்கு அவர் தருவதாகச் சொன்னது 11.6 அங்குலத் திரை, இன்டெல் செலரான் என்4020 செயலி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம், விண்டோஸ் 11 ஹோம் ஆகியவற்றைக் கொண்ட, விசிறியே இல்லாத, ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடையுள்ள ஒரு நெட்புக். ஏறத்தாழ இதே உள்ளமைப்பைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு மேலுறைகளில் விற்றிருப்பதால், இது எந்த நிறுவனத்துடையது என்பதை இங்கே குறிப்பிடவில்லை. கீழே வரும் சோதனைகள் அனைத்தும் இந்த வகைக் கணினிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தக் கூடியவை.

வாங்க நினைத்தவர் எதிர்வீட்டு அக்கா. அவருடைய மகள் பி.காம். முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறாள். "தம்பி, பத்தாயிரத்துக்கு மேல என்னால முடியாது. இது மூணு வருஷம் தாங்குமா, தாங்காதா, அதை மட்டும் பார்த்துச் சொல்லு" என்பதுதான் அவர் என்னிடம் கேட்டது. கேள்வி இவ்வளவு தெளிவாக இருந்தது எனக்குப் பெரிய உதவியாயிற்று. ஒரு கணினி நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. இன்ன வேலைக்கு, இத்தனை ஆண்டுக்கு, இன்ன விலைக்குத் தகுமா என்று கேட்டால் அளந்து பார்த்துச் சொல்லலாம்.

எனவே கணினியைத் தொடுமுன் வேலைகளை எழுதிக்கொண்டேன். பி.காம். மாணவிக்கு முதன்மையான மென்பொருள், வணிகக் கணக்குகளை எழுதும் டேலி பிரைம். அது விண்டோஸில் மட்டும், அதிலும் 64-பிட் பதிப்பில் மட்டும் இயங்கும். உரிமம் வாங்காமல் கல்விப் பயன்முறையில் நிறுவிக்கொள்ளலாம். அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவுகள் போட முடியும் என்ற கட்டுப்பாடு உண்டு என்றாலும் பயிற்சிக்கு அது தடையில்லை. அடுத்தது எக்செல் அல்லது அதற்கு நிகரான விரிதாள். பிறகு பிடிஎஃப் பாடக் குறிப்புகள், அவ்வப்போது இணைய வழி வகுப்பு, தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு. படத்தொகுப்போ விளையாட்டோ பட்டியலில் இல்லை. பழைய கணினிகளுக்கு நான் வழக்கமாகச் செய்யும் வைத்தியம் லினக்ஸ் நிறுவிக் கொடுப்பதுதான். டேலியின் காரணமாக அந்த வழி இங்கே முதலிலேயே அடைபட்டுவிட்டது. விண்டோஸ் ஓட வேண்டும், அதுவும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் விண்டோஸாக இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனை ஒன்றே சந்தையில் கிடைக்கும் நெட்புக்குகளில் பெரும்பகுதியைக் கழித்துவிடும். 2007-இல் ஏசஸ் நிறுவனம் 7 அங்குலத் திரையும் 4 ஜிபி சேமிப்பகமும் கொண்ட ஈ பிசி 701-ஐ வெளியிட்டு இந்த வகையைத் தொடங்கி வைத்தது. அடுத்த ஆண்டே இன்டெலின் ஆட்டம் செயலிகள் வந்தன; ஆட்டம் என்270 பொருத்திய 10 அங்குலக் கணினிகள் அன்று ஏராளமாக விற்றன. அவை இன்றும் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கைமாறுகின்றன. என்270 வெறும் 32-பிட் செயலி. 2010-இல் வந்த என்450 64-பிட்டை அறியும் என்றாலும் 2 ஜிபிக்கு மேல் ரேமை ஏற்காது. இவற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் மேலே சொன்ன வேலைக்கு வாங்கக் கூடாது; சேகரிப்பவர்களுக்கு மட்டுமே அவை பொருள். விண்டோஸ் 11 குறைந்த அளவாகக் கேட்பது 64-பிட் இரட்டைக் கரு (கோர்) செயலி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பகம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புப் பகுதி. நம் கையிலிருந்த கணினி இந்தக் கோட்டின் மேல் சரியாகக் கால் வைத்து நிற்கிறது. கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடைகூட இல்லை என்பதுதான் கவலை.

முன்பணம் கொடுத்து, பிரித்துப் பார்ப்பதற்கும் கடைக்காரரின் ஒப்புதலைப் பெற்று, கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இரண்டாம் கைக் கணினியை வாங்குவோர் இந்த ஒப்புதலை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. பிரித்தால் வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்லும் கடையில் வெளிச் சோதனையோடு நின்றுவிட வேண்டும். அப்போது கொடுக்கும் விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

முதலில் பார்த்தது பூட்டுகள். விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்புக்குள் கடவுச்சொல் இல்லாமல் நுழைய முடிகிறதா என்று பார்த்தேன், முடிந்தது. பள்ளிகளும் அலுவலகங்களும் மொத்தமாக வாங்கிப் பின்பு கழித்துவிடும் கணினிகளில், விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவினாலும் இணையத்தோடு இணைந்தவுடன் பழைய நிறுவனத்தின் கணக்கைக் கேட்டு நிற்பவை உண்டு. அதனால் முதல்முறை அமைக்கும் திரை வரும்படி விண்டோஸை மீட்டமைத்து, வைஃபையில் இணைத்து, சாதாரணத் தனியாள் கணக்கை அது ஏற்கிறது என்பதை உறுதி செய்துகொண்டேன். கொஞ்சம் நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் இந்த ஒரு சோதனையில் தோற்றால் மற்றவற்றுக்கு அவசியமே இல்லை.

அங்கேயே இன்னொன்றும் தெரிந்தது. விண்டோஸ் 'எஸ் பயன்முறை'யில் இருந்தது. இந்தப் பயன்முறையில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வரும் செயலிகளை மட்டுமே நிறுவ முடியும். டேலியின் நிறுவல் கோப்பைச் சொடுக்கினால் அனுமதி இல்லை என்று சொல்லிவிடும். அமைப்புகளில் 'ஆக்டிவேஷன்' பகுதிக்குச் சென்று, அங்கிருந்து ஸ்டோர் பக்கத்தைத் திறந்து இதிலிருந்து வெளியேறலாம். கட்டணம் கிடையாது, திரும்ப எஸ் பயன்முறைக்குப் போகவும் முடியாது. கடைகளில் சிலர் 'இதில் டேலி போட 500 ரூபாய் ஆகும்' என்று சொல்வது இந்தச் சொடுக்குக்குத்தான்.

அடுத்து திரையும் கீபோர்டும். திரை 1366-க்கு 768 புள்ளிகள் கொண்ட டிஎன் வகை. நேராகப் பார்த்தால் போதுமான வெளிச்சம், கொஞ்சம் கீழிருந்து பார்த்தால் கறுத்துவிடுகிறது. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையை ஒவ்வொரு நிறமாக நிரப்பிப் பார்த்ததில் செத்த புள்ளிகள் இல்லை. கீல்கள் இறுக்கமாக இருந்தன. மெல்லிய ஞெகிழி உடலில் கீல் தளர்ந்திருந்தால் அதைத் தாங்கும் திருகுமரை உடைந்திருக்கும் என்று பொருள், அதைச் சரிசெய்வது இந்த விலைக் கணினியில் கட்டுப்படியாகாது.

கீபோர்டைப் பொறுத்தவரை விற்பனைத் தாள் எதிலும் இல்லாத ஒரு குறை டேலியால் வெளிப்பட்டது. 11.6 அங்குல உடலில் தனி எண் விசைகள் கிடையாது. நாள் முழுவதும் தொகைகளையே உள்ளிடும் ஒருவருக்கு மேல்வரிசை எண்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளச் சொல்வது கொடுமை. யுஎஸ்பியில் செருகும் தனி எண் விசைப்பலகைக்கு 400 ரூபாயைக் கணக்கில் சேர்த்தேன். இதோடு எஃப் விசைகள் வேறு: டேலியில் எஃப்5 பணம் கொடுத்தலுக்கும், எஃப்6 வரவுக்கும், எஃப்7 ஜர்னலுக்கும், எஃப்8 விற்பனைக்கும், எஃப்9 கொள்முதலுக்கும் உரியவை. இந்தச் சிறு கணினியிலோ அவற்றை அழுத்தினால் ஒலி கூடுகிறது, வெளிச்சம் குறைகிறது. பயாஸில் விசைகளின் இயல்பு நடத்தையை மாற்றும் தேர்வு இருந்ததால் பிரச்சினை தீர்ந்தது. அந்தத் தேர்வு இல்லாத மாடலாக இருந்தால் ஒவ்வொரு பதிவுக்கும் எஃப்என் விசையையும் சேர்த்தே அழுத்த வேண்டியிருக்கும். டேலி பழகப் போகிறவர்கள் இதை வாங்குமுன் பார்த்துவிட வேண்டும்.

செயலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. என்4020 என்பது 2019-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த, 6 வாட் வெப்ப வரம்புள்ள, இரு கருக்கள் கொண்ட செயலி. அடிப்படை வேகம் 1.1 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 2.8. விசிறி இல்லாததால் உச்ச வேகம் நெடுநேரம் நிற்காது. சென்னை வெயிலில், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், இரு கருக்களுக்கும் இடைவிடாமல் வேலை கொடுத்து வைத்திருந்தபோது வேகம் படிப்படியாக இறங்கி 2 கிகாஹெர்ட்ஸை ஒட்டி நிலைத்தது. அடிப்பகுதி சூடானது, ஆனால் கை வைக்க முடியாத அளவுக்கு இல்லை. டேலிக்கும் விரிதாளுக்கும் இது போதும். இந்த விலையில் செயலியை ஒப்பிட்டு மூளையைக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். உண்மையில் இத்தகைய கணினியின் ஆயுளைத் தீர்மானிப்பவை ரேமும் சேமிப்பகமும்.

ரேம் 4 ஜிபி. டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியைத் திறந்தால் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரி இருக்கும். அங்கே 'சோடிம்' என்று இருந்தால் கழற்றி மாற்றக்கூடிய அட்டை. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் மதர்போர்டிலேயே பற்றவைத்தது. இதில் இரண்டாவதுதான். ஆக, இன்று 4 ஜிபி என்றால் என்றைக்கும் 4 ஜிபி. அதிலும் வரைகலைப் பகுதி தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு விண்டோஸுக்குக் கிடைப்பது 3.8. ஒன்றும் திறக்காத நிலையிலேயே ஏறத்தாழ 2.2 ஜிபி நிரம்பியிருந்தது. டேலியைத் திறந்தபோது பெரிய மாற்றமில்லை. டேலி இந்த விஷயத்தில் மிகவும் சிக்கனமானது. உலாவியில் ஐந்தாறு தத்தல்களையும் (டேப்) கூடவே இணைய வழி வகுப்பையும் திறந்தவுடன் ரேம் நிரம்பி, மிச்சத்தை விண்டோஸ் சேமிப்பகத்தில் எழுதத் தொடங்கியது. அந்த நொடியிலிருந்து கணினியின் வேகம் ரேமுடையதாக இல்லாமல் சேமிப்பகத்தின் வேகமாகிவிடுகிறது. இங்கேதான் இஎம்எம்சி என்ற பகுதி முக்கியமாகிறது.

இஎம்எம்சி என்பது கைப்பேசிகளிலும் பயன்படும், மதர்போர்டில் பற்றவைத்த சேமிப்பகம். ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் அதனால் இயலாது; ஒன்றை நிறுத்திவிட்டுத்தான் மற்றொன்று. தொடர்ச்சியாகப் படிக்கும் வேகத்தை அளந்தபோது நொடிக்கு 270 எம்பியை ஒட்டி வந்தது; பழைய வன்தட்டைவிட இது மேல் என்று தோன்றும். ஆனால் சிறுசிறு கோப்புகளை எழுதிக்கொண்டே படிக்க வேண்டிய நிலையில், அதாவது ரேம் நிரம்பிவிட்ட நிலையில், வகுப்பின் ஒலி விட்டுவிட்டு வந்தது; சொடுக்கியதற்கும் சாளரம் மாறுவதற்கும் இடையே கவனிக்கத்தக்க தாமதம் இருந்தது.

இடப் பற்றாக்குறை தனிக் கதை. 64 ஜிபி என்று ஒட்டியிருந்தாலும் விண்டோஸ் காட்டுவது ஏறத்தாழ 58. விண்டோஸும் அதன் மீட்புப் பகுதியும் திருத்தங்களும் போக 20 ஜிபிக்குச் சற்று மேல் மிஞ்சியது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய மேம்படுத்தல் தன்னை நிறுவிக்கொள்ளவே பல ஜிபி காலியிடம் கேட்கும். பாடக் குறிப்புகளும் படங்களும் சேர்ந்துவிட்டால் இரண்டாம் ஆண்டிலேயே 'இடமில்லை' என்ற அறிவிப்பு வரும். 2014-இல் 32 ஜிபி இஎம்எம்சியோடு வந்த 11 அங்குல நெட்புக்குகளை வைத்திருந்தவர்களுக்கு இந்த அனுபவம் நன்றாகத் தெரியும்.

இஎம்எம்சியின் தேய்மானத்தைப் பார்க்கும் வழி பலருக்கும் தெரிவதில்லை என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இந்தச் சில்லு தன் ஆயுட்கணக்கைத் தானே வைத்துக்கொள்கிறது. யுஎஸ்பியிலிருந்து நேரடியாக இயங்கும் லினக்ஸைத் துவக்கி, கணினியின் 'சிஸ்' கோப்பகத்தில் இஎம்எம்சிக்கு உரிய கிளைக்குச் சென்றால் 'லைஃப் டைம்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அதில் இரண்டு எண்கள். அவை சில்லினுள் இருக்கும் இருவகை நினைவறைகளின் தேய்மானத்தைப் பத்துப் பத்து விழுக்காடாகச் சொல்பவை: 1 என்றால் 10 விழுக்காட்டுக்குள், 2 என்றால் 10-க்கும் 20-க்கும் இடையில், இப்படியே மேலே போகும். பக்கத்திலேயே ஆயுள் முடிவை முன்கூட்டி அறிவிக்கும் மற்றொரு கோப்பும் உண்டு; அதில் 1 இயல்பு நிலை, 2 எச்சரிக்கை, 3 அவசரம். பழுதான பகுதிகளுக்கு மாற்றாக ஒதுக்கிவைத்த இடத்தில் 80 விழுக்காடு தீர்ந்துவிட்டால் அது 2-க்கு மாறும்.

எங்கள் கணினியில் பெரிய எண் 5 என்று வந்தது. அதாவது 40 முதல் 50 விழுக்காடு ஆயுள் தீர்ந்திருக்கிறது. மற்ற கோப்பில் 1 இருந்ததால் உடனடி ஆபத்தில்லை. ஆனாலும் 4 ஜிபி ரேமின் காரணமாக ஓயாமல் எழுதப்பட்டே இந்த நிலைக்கு வந்திருக்கிறது என்பதும், இன்னும் மூன்றாண்டு அதே வகையில் ஓட்டினால் எல்லையை நெருங்கும் என்பதும் எளிதில் ஊகிக்கத்தக்கவை. பற்றவைத்த சில்லு போனால் மதர்போர்டே போனதாகத்தான் கொள்ள வேண்டும். 8,500 ரூபாய் என்ற விலையை இந்த எண்ணைப் பார்த்தபோதே மனத்துக்குள் நிராகரித்துவிட்டேன். இனி கணினியைத் திறந்து பார்த்தால்தான் பேச்சு.

பேட்டரியையும் முதலில் அளந்துவிட்டேன். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் 'பவர்சிஎஃப்ஜி' என்ற கட்டளையோடு 'பேட்டரி ரிப்போர்ட்' என்பதைச் சேர்த்துக் கொடுத்தால் ஓர் அறிக்கை உருவாகும். அதன்படி வடிவமைப்புக் கொள்ளளவு 32 வாட்-மணி, இப்போது முழுமையாக ஏறுவது 23.4. ஆக 73 விழுக்காடு மிச்சம். திரை வெளிச்சத்தைப் பாதியில் வைத்து வைஃபையில் சாதாரண வேலை செய்யும்போது கணினி 6 வாட்டை ஒட்டி இழுத்தது. எனவே நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். கடைக்காரர் சொன்ன 'எட்டு மணி நேரம்' அது புதிதாக இருந்த காலத்து விளம்பரக் கணக்கு. சிறு செயலியின் உண்மையான பலன் இங்கேதான் தெரிகிறது: தேய்ந்த பேட்டரியை வைத்துக்கொண்டும் ஒரு கல்லூரி முற்பகலைக் கடந்துவிடலாம்.

பிரிக்கும் வேலை கடினமில்லை, பொறுமை வேண்டும். அடிப்பகுதியில் கண்ணுக்குத் தெரிந்த திருகுகளைத் தவிர, பின்பக்க ரப்பர் பாதங்களுக்கு அடியில் இரண்டு ஒளிந்திருந்தன. அவற்றைக் கழற்றாமல் நெம்பினால் மூடி விரிசல் விடும். திருகுகள் ஒரே நீளமல்ல. கழற்றிய வரிசைப்படியே ஒரு தாளில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் ஒட்டிவைத்தேன், ஏனென்றால் நீளமான திருகைக் கைத்தாங்குப் பகுதியில் முடுக்கினால் அது மேற்பக்கம் குத்திக்கொண்டு வரும். பழைய சிம் அட்டைச் சட்டத்தைக் கீலருகே நுழைத்து, மெல்ல விளிம்பைச் சுற்றிக் கொண்டுவந்தால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடுபடும். திருப்புளியின் முனையால் நெம்ப வேண்டாம். மேலுறையில் தழும்பு விழும், விலை பேசும்போது அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். மூடி வந்தவுடன் முதல் வேலை பேட்டரியின் இணைப்பை மதர்போர்டிலிருந்து விடுவிப்பது. அது இணைந்திருக்கும்வரை கணினி அணைந்திருந்தாலும் பலகையில் மின்சாரம் உண்டு.

உள்ளே இடம் ஏராளமாக இருந்தது. கைக்குட்டை அளவில் ஒரு மதர்போர்டு, அதன் மேல் செம்புத் தகடு, பாக்கி எல்லாம் பேட்டரி. நான் தேடியது ஓரத்தில் இருந்தது: எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பக அட்டையைச் செருகும் எம்.2 ஸ்லாட், காலியாக. இதே வடிவமைப்பில் சில நெட்புக்குகளில் இந்த ஸ்லாட் வரும். சிலவற்றில் பலகையில் அதற்கான தடங்கள் மட்டும் இருக்கும், ஸ்லாட்டைப் பொருத்தியிருக்க மாட்டார்கள். ஒரே பெயரில் விற்ற மாடல்களுக்குள்ளேயே இந்த வேறுபாடு உண்டு, வெளியிலிருந்து சொல்ல முடியாது. பிரித்துப் பார்க்க ஒப்புதல் கேட்டதே இதற்காகத்தான்.

என்னிடம் உதிரியாக இருந்த இரண்டு எஸ்எஸ்டிகளைப் பொருத்திச் சோதித்தேன். பழைய இணைப்பு முறையான சாட்டா வகையைப் பயாஸ் அறியவில்லை. அதைவிட வேகமான என்விஎம்இ வகையை உடனே அறிந்தது. என்விஎம்இ பயன்படுத்தும் தரவுப் பாதைகளாக இந்தச் செயலி தருவது பிசிஐஇ இரண்டாம் தலைமுறைத் தடங்கள். ஒரு தடத்துக்கு நொடிக்கு 500 எம்பி என்ற கணக்கில், இரு தடங்கள் இணைந்த ஸ்லாட்டில் 1,000 எம்பிக்கு மேல் போக வழியில்லை. அளந்தபோது 780 வந்தது. ஆகவே நொடிக்கு 3,500 எம்பி, 7,000 எம்பி என்று உறையில் அச்சிட்ட விலை உயர்ந்த எஸ்எஸ்டி இங்கே வீண். சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் 256 ஜிபி என்விஎம்இ ஒன்றை, இருப்பதில் மலிவான வகையாக, ஆனால் உத்தரவாதத்தோடு, 1,900 ரூபாய்க்கு விசாரித்து வைத்தேன். எஸ்எஸ்டியைப் பிடித்து வைக்கும் சிறு திருகு கணினியில் இல்லை. அதையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.

உதிரி எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினேன். உரிமம் மதர்போர்டோடு பிணைந்தது என்பதால் சாவி எண் எதையும் கேட்கவில்லை. பழைய இஎம்எம்சியை அழித்து, வெறும் கோப்பு வைக்கும் இடமாக மாற்றினேன். விண்டோஸ் தற்காலிகமாக எழுதும் பக்கக் கோப்பை எஸ்எஸ்டியில் மட்டும் வைத்தேன். இனி இஎம்எம்சியில் எழுதுதல் அரிதாகத்தான் நடக்கும் என்பதால் அந்த 5 என்ற எண் பெரிதாக நகராது.

மாற்றம் தெரிந்தது, ஆனால் எங்கே என்பதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். துவங்கும் நேரம் பாதிக்கும் கீழே குறைந்தது. டேலி சொடுக்கியவுடன் திறந்தது. ரேம் நிரம்பிய பிறகும் வகுப்பின் ஒலி அறுபடவில்லை. ஆயினும் வகுப்பு ஓடும்போது பத்துத் தத்தல்களுக்கு மேல் திறந்தால் கணினி இன்னும் திணறத்தான் செய்கிறது. 4 ஜிபி என்ற உண்மையை எஸ்எஸ்டி மறைக்கும், மாற்றாது. காணொளியில் தன் பின்புலத்தை மங்கலாக்கும் வசதியைப் போட்டால் இரு கருக்களும் முழுவதுமாக அதற்கே செலவாகின்றன. அதை அணைத்து வைக்கும்படி அக்கா மகளிடம் சொல்லிவிட்டேன்.

இனி விலை. கேட்ட 8,500-ஐ அப்படியே கொடுத்தால், எஸ்எஸ்டிக்கு 1,900, எண் விசைப்பலகைக்கு 400, இரண்டாம் ஆண்டில் எப்படியும் மாற்ற வேண்டிவரும் பேட்டரிக்கு 1,800 என்று மொத்தம் 12,600 ஆகிறது. அதே தெருவில் ஆறாம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டியோடு அலுவலகங்கள் கழித்த 12.5 அங்குல மடிக்கணினியை 13,500-க்குச் சொன்னார்கள். அதன் செயலி ஏறத்தாழ இரு மடங்கு வேகமானது, உடல் உறுதியானது, ரேமையும் மாற்றலாம். ஓர் ஆயிரம் ரூபாய் வேறுபாட்டுக்கு நெட்புக்கை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

ஆனால் அதிலொரு சிக்கல். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் கோர் செயலிகளின் பட்டியல், மிகச் சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆறாம் தலைமுறை ஐ5 பட்டியலுக்கு வெளியே நிற்க, அதில் பாதி வலிமைகூட இல்லாத என்4020 பட்டியலுக்குள் இருக்கிறது. சுற்றுவழியில் விண்டோஸ் 11-ஐ நிறுவித் தருவதாகக் கடைக்காரர்கள் சொல்வார்கள், ஓடவும் ஓடும். அடுத்த பெரிய மேம்படுத்தலின்போது யார் வந்து பார்ப்பது என்பதுதான் கேள்வி. கணினி தெரிந்தவர் வீட்டில் இருந்தால் ஆறாம் தலைமுறையையே நான் பரிந்துரைப்பேன். அக்கா வீட்டில் அப்படி யாருமில்லை, எதிர்வீட்டில் நான் இருக்கிறேன் என்பதை ஒரு தகுதியாகக் கணக்கில் சேர்ப்பதும் முறையாகாது. எட்டாம் தலைமுறையில் நல்ல நிலையிலுள்ளதை 19,500 ரூபாய்க்குக் குறைத்து எவரும் தரவில்லை. அக்காவிடம் இருபதாயிரம் இருந்திருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை இருந்திருக்காது, அதை வாங்கிக்கொடுத்திருப்பேன்.

எனவே பத்தாயிரத்துக்குள் என்ற எல்லையை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டேன். எஸ்எஸ்டியும் எண் விசைப்பலகையும் உடனடிச் செலவு, 2,300. மிச்சம் 7,700. தேய்ந்த இஎம்எம்சிக்கும் 73 விழுக்காடு பேட்டரிக்கும் அதிலிருந்து கழித்தால் 7,000-க்கு மேல் கொடுக்க நியாயமில்லை. கடைக்காரரிடம் இரண்டு எண்களையும் அறிக்கையாகவே காட்டினேன். இஎம்எம்சிக்கு இப்படி ஒரு கணக்கு உண்டென்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கையோடு தம்மிடமிருந்த மற்றவற்றையும் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். 6,800-க்கு முடிந்தது. மொத்தம் 9,100, பேட்டரி மாற்றும் நாளில் 10,900. மூன்றாண்டுக்குப் பிரித்தால் மாதம் 303 ரூபாய் வருகிறது. எட்டாம் தலைமுறைக் கணினிக்குப் பேட்டரியையும் சேர்த்தால் இதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு.

அந்தக் கடைக்காரரிடம் அதே மேலுறையில் இன்னொன்று 6,000 ரூபாய்க்கு இருந்தது. அக்காவின் தங்கை அதைக் கேட்டுப் பார்க்கலாமா என்றார். தேய்மான எண் 2 என்று வந்ததால் முதலில் எனக்கும் ஆசையாக இருந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்ததில் எம்.2 இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுத் தடங்கள்தான் இருந்தன. 64 ஜிபிக்குள்ளேயே காலம் முழுவதும் அடங்கியிருக்க வேண்டிய விண்டோஸ் கணினிக்கு என் கணக்கில் 4,000-க்கு மேல் விலை இல்லை. கடைக்காரர் 5,500-க்குக் கீழே இறங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.